மான் தின்ற லேபிள்கள்

நாலு மணிக்குத்தான் விரியும்.
நான் இரண்டுக்கே குந்திவிட வேண்டும்.
மொட்டைக் கீறி, கேசரம் ஐந்தையும்
புருவம் திருத்தும் சாமணத்தால் எடுத்து,
ஐந்து மணிக்குச் சிவப்பின் பொடியை
வெள்ளையின் குறிமீது தடவி,
தேயிலைப் பையால் மூடி, நூல் கட்டி,
ஆய்வுகூடத்தில் மிஞ்சிய லேபிளில் எழுதுவேன்:
தாய். தந்தை. திகதி.
காலையில் இரத்தக் குழாய்களில் ஒட்டுகிற அதே லேபிள்.

அந்திமந்தாரைக்குப் பூவொன்றுக்கு ஒரே விதை,
மிளகைப்போல் கறுத்து, நெளிந்து.
நாற்பது வேண்டுமென்றால்
நாற்பது தடவை முதுகு வளைய வேண்டும்.

சிவப்பும் வெள்ளையும் சேர்ந்து
அத்தனையும் ரோசாவாய்ப் பூத்த அன்று
படம் காட்டினேன், பக்கத்து மேசை பஸ்னாவுக்கு.
"பாத்தீங்களா, கலந்தா எவ்வளவு வடிவு!
மீலாத் விழாப் பேச்சுக்கு எடுக்கப்போறன்."
கலக்கவில்லை, பஸ்னா.
அந்த ரோசாவுக்குள் இரண்டும்
ஒன்றில் ஒன்று கரையாமல்
பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன.
அடுத்த தலைமுறையில் காலுக்குக் கால்
வெள்ளை வெளியே வரும்,
சிவப்பை ஒருநாளும் காணாததுபோல.
அவள் கொஞ்சம் யோசித்து,
"அப்ப இத மேடையில சொல்லேலா" என்றாள்.
மத்தியானம் வரை சிரித்தோம்.

ஆவணியில் மான்கள் வந்தன.
கோட்டையிலிருந்து இறங்கி
பஸ் நிலையத்துச் சோற்றுத்தாள் மேய்பவை,
உட்துறைமுக வீதியில் என் படலையைத் தள்ளி
நாற்பத்து மூன்று சாடிகளுக்கு நடுவே நின்றன.
இலையைத் தொடவில்லை, கசக்கும்போல.
லேபிள்களை மட்டும்,
ஒவ்வொன்றாய்,
பசை மணத்தோடு.
நான் விளக்கைப் போட்டபோது
ஒன்றின் வாயோரம் "தந்தை" தொங்கியது.

பதிவேடு இல்லாத தோட்டம்.
இரண்டு கிழமை தண்ணீர் ஊற்றவே மனம் வரவில்லை.
பிறகு அவை பூத்தன, நாலு மணிக்கு,
கேளாமலே வாக்குமூலம் கொடுப்பதுபோல.
சிவப்பா? இரு பக்கமும் சிவப்பு.
வெள்ளையா? இரு பக்கமும் வெள்ளை.
ரோசா என்றால் பக்கத்துக்கு ஒன்று.
இரத்தம் இப்படியில்லை.
ஏ என்று எழுதிக் கையொப்பம் வைப்போம்,
உள்ளே ஓ பதுங்கியிருக்கும்.
இந்தச் செடிக்கு ஒளிக்கத் தெரியாது.
சாடி சாடியாய்ப் போய்
பூவைப் பார்த்து எழுதினேன், மங்கல் வரை.

முப்பத்தொன்றில் நின்றேன்.
வெள்ளையில் சிவப்புக் கோடுகள்.
ஒன்றில் தெறித்த புள்ளி, ஒன்றில் ஆப்புப்போலத் துண்டு,
இரண்டு பூ ஒரே மாதிரியில்லை.
படித்தது நினைவு வந்தது:
நிறமாக்கும் பரம்பரையலகுக்குள்
எங்கிருந்தோ ஒரு துண்டு வந்து குந்தும். பூ வெளிறும்.
கலங்கள் பெருகும்போது
ஏதோ ஒன்றில் அது எழுந்து போய்விடும்.
அந்தக் கலமும் அதன் வழி வந்தவையும் சிவக்கும்.
முந்திப் போனால் பாதிப் பூ.
பிந்திப் போனால் ஊசிமுனை.
வெளியேறிய நேரம்தான் கோட்டின் அகலம்.

இதை எழுதிவிட்டுப்
பேனையைக் கொஞ்ச நேரம் மூடி வைத்தேன்.
துறைமுகத்தில் மாக்கப்பல் ஊதியது.

அதே செடியில், மதில் பக்கம்,
ஒரு கிளை முழுக்கச் சிவப்பு.
கோடில்லை, புள்ளியில்லை.
கிளை அரும்பாயிருந்தபோதே போயிருக்கிறது.
இனி அதன் விதை என்ன சொல்லும்?
தெரியாது. புத்தகம் ஒன்று சொல்கிறது,
முப்பத்தொன்று அதைப் படித்ததில்லை.

அந்தக் கிளைக்குச் சாமணம் கொண்டுபோகவில்லை.
இரவு அந்துப்பூச்சி வராவிட்டால்
விடியலில் கேசரங்கள் தாமே சுருண்டு
குறியைத் தொடும், பூ மூடும்.
பதினொரு விதை கிடைத்தன.
மாரி தொடங்கமுன் ஊன்ற வேண்டும்.

இம்முறை தாளில்லை.
பால்மா ரின்னை வெட்டி
ஆணியால் கீறினேன்:
தாய் 31. தந்தை 31.
மதில் பக்கம்.